வாரம் ஒன்றா, நாள் ஒன்றா: வைட்டமின் டி தொடங்கும் நடுவயதுப் பெண்களுக்கு

என் மாமியார் குடியாத்தத்தில் நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றியவர். காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு உட்புறம் உட்கார்ந்தால், மாலையில் கட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் எழுந்திருப்பார். அறுபத்தாறாம் வயதில், தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, இடுப்பும் தொடையும் வலிக்கின்றன என்று அவர் சொன்னபோது, மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, 60,000 அலகு கொண்ட வைட்டமின் டி மாத்திரையை வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரங்களுக்கு எழுதிக்கொடுத்தார். சர்க்கரை மாத்திரையும் இரத்த அழுத்த மாத்திரையும் இருந்த டப்பாவிலேயே அதையும் போட்டுவைத்தோம். அவர் நாள்தோறும் ஒன்றாக விழுங்கி, எட்டே நாளில் தீர்ந்ததும், காலி அட்டையை மருந்துக்கடையில் காட்டி மேலும் மேலும் வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், கூப்பிட்டால் பதில் சொல்லாத மந்தநிலை ஆகியவற்றோடு மருத்துவமனையில் சேர்த்தபோது, இரத்தத்தில் கால்சியம் மிக அதிகமாக ஏறிச் சிறுநீரகங்களும் தளர்ந்திருந்தன. பல நாட்கள் சலைன் ஏற்றித்தான் அவரை மீட்டார்கள்.

அவருக்கு அந்த மருந்து தேவையாகவே இருந்தது. எழுதிக்கொடுத்த அளவும் சரியானதே. எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் ஒருவரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. நாற்பத்தைந்து வயதைக் கடந்து, முதன்முறையாக வைட்டமின் டி மாத்திரையைக் கையில் எடுக்கும் பெண்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, அந்த நாட்களுக்குப் பிறகு நான் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டவற்றிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

இந்த வயதில் ஏன் இது முக்கியமாகிறது

நாம் உண்ணும் உணவிலிருக்கும் கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அது போதாதபோது, இரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பதற்காக உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறைவதால், நின்ற பிறகு வரும் முதல் சில ஆண்டுகளில் எலும்பு வழக்கத்தைவிட வேகமாகத் தேய்கிறது. இந்த இரண்டும் ஒரே சமயத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இப்பகுதியில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நிலை, இருந்தது; ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வைட்டமின் டி குறைந்திருந்தது. வெயிலுக்குப் பெயர் போன நம் ஊரிலேயே இந்த நிலை. தலைக்கு மேல் வெயில் கொளுத்தினாலும் அது நம் தோலில் படுவதில்லை என்பதே காரணம். குடியாத்தத்தில் பீடியும் தீப்பெட்டியும், ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலும் காலணியுமாக, நம் பெண்கள் பகலின் நடுப்பகுதி முழுவதையும் கூரைக்குக் கீழேயே கழிக்கிறார்கள்.

முதல் படி: பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்

உடல் வலிக்கிறது என்றதும் நேராகப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டியதில்லை. நலமாக இருக்கும் எல்லோருக்கும் வழக்கமாக இந்தப் பரிசோதனை தேவையில்லை என்றே அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் சங்கம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் சிலருக்குப் பரிசோதனை அவசியம். தரையிலிருந்து எழவும் படியேறவும் தொடைத் தசை ஒத்துழைக்காதவர்கள், லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள், எலும்புப்புரை இருப்பதாகத் தெரிந்தவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு அல்லது வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குடல் அறுவை செய்துகொண்டவர்கள், சிறுநீரக நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்த்துப் பரிசோதித்த பிறகே மருந்தைத் தொடங்க வேண்டும்.

பரிசோதனைச் சீட்டில் இருக்க வேண்டிய பெயர் "25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி" என்பதாகும். "1,25" என்று தொடங்கும் வேறொரு பரிசோதனையும் உண்டு. உடலில் இருப்பு குறைந்திருக்கும்போதும் அதன் முடிவு இயல்பாகவே காட்டக்கூடும் என்பதால், இருப்பை அறிய அது உதவாது. வெறும் வயிற்றில் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். கால்சியம் ஏற்கெனவே அதிகமாக இருப்பவருக்கு வைட்டமின் டி கொடுப்பது தீங்காகும்.

இரண்டாம் படி: முடிவுத்தாளை நிதானமாகப் படியுங்கள்

நம் பக்கத்துக் கூடங்கள் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று எழுதுகின்றன. 20க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பெரும்பாலான மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்; 12க்குக் கீழே இருந்தால் கடுமையான குறைபாடு. 20க்கும் 30க்கும் நடுவில் இருப்பதைத் தாளில் தடித்த எழுத்தில் "போதாது" என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலானவர்களின் எலும்புக்கு 20 போதும் என்பது அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2010இல் வந்தடைந்த முடிவு. 30ஐத் தொட்டே ஆக வேண்டும் என்று 2011இல் சொன்ன நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அந்த இலக்கைக் கைவிட்டுவிட்டது. ஆகவே 24 என்று வந்த தாளை வைத்துக்கொண்டு 60,000 மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்க வேண்டாம். லிட்டருக்கு நானோமோல் என்று எழுதியிருந்தால், அந்த எண்ணை 2.5ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். அங்கே 50 என்பது இங்கே 20.

மூன்றாம் படி: அட்டையைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் நாங்கள் தவறினோம், ஆகவே இதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

மருந்தின் பெயர் "கோலிகால்சிஃபெரால்" என்று இருக்க வேண்டும். அதுவே வைட்டமின் டி3. அதன் அளவு "ஐ.யு." எனப்படும் சர்வதேச அலகில் இருக்கும், மைக்ரோகிராமில் இருந்தால் 40ஆல் பெருக்கினால் அலகு கிடைக்கும். 15 மைக்ரோகிராம் என்பது 600 அலகு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது இந்த 600 அலகுதான். எழுபதைக் கடந்தவர்களுக்கு 800 என்று அமெரிக்கப் பரிந்துரை சொல்கிறது. மருத்துவர் சொல்லாமல் நாளுக்கு 4,000ஐத் தாண்டக் கூடாது.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு நம் மருந்துக்கடைகளில் அதிகமாக விற்கும் 60,000ஐப் பாருங்கள். அது ஒரு நாளைய மாத்திரையே அல்ல. வாரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்குச் சுமார் 8,500 அலகு வருகிறது. குறைபாட்டைச் சரிசெய்ய, வழக்கமாக எட்டு வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் அளவு அது. மாதத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 2,000 அலகு. அதையே நாள்தோறும் விழுங்கினால், ஒரு நாள் தேவையைப் போல நூறு மடங்கு உடலுக்குள் போகிறது. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் வெளியேறிவிடும். வைட்டமின் டி கொழுப்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போவதால், மாத்திரையை நிறுத்திய பிறகும் பல வாரங்களுக்கு அதன் விளைவு தொடர்கிறது. "வைட்டமின்தானே, என்ன செய்துவிடும்" என்ற பேச்சை எங்கள் வீட்டில் இனி யாரும் பேசுவதில்லை.

இன்னொரு பெயரிலும் கவனம் வேண்டும். "கால்சிட்ரியால்" என்பது வைட்டமின் டியைச் சிறுநீரகம் மாற்றியமைத்த பிறகு கிடைக்கும், நேரடியாக வேலை செய்யும் வடிவம். கால்சியம் மாத்திரைகள் சிலவற்றில் 0.25 மைக்ரோகிராம் அளவில் இதைச் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கும் வேறு சிலருக்கும் உரிய மருந்து இது. கால்சியத்தை வேகமாக ஏற்றக்கூடியது என்பதால், சாதாரணக் குறைபாட்டுக்கு டி3க்குப் பதிலாக இதை வாங்கக் கூடாது. கடையில் "இதுவும் அதுவும் ஒன்றுதான் அம்மா" என்று சொன்னாலும் சீட்டில் உள்ள பெயரையே கேட்டு வாங்குங்கள்.

சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியச் சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றும் இங்கே உண்டு. டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுகிறது. மென்மையான கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் விலங்குகளிலிருந்து கிடைக்கும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் உறை வேண்டாம் என்பவர்கள் பொடிப் பாக்கெட்டாகவோ மெல்லும் மாத்திரையாகவோ கேட்கலாம்; ஆட்டு உரோமத்திலிருந்து எடுத்ததும் வேண்டாம் என்பவர்கள் பாசியினத்திலிருந்து எடுத்ததாகக் கேட்கலாம். தயக்கத்தினால் மருந்தையே விட்டுவிடுவதைக் காட்டிலும் கேட்பது நல்லது.

நான்காம் படி: ஒரு கிழமையைக் குறியுங்கள்

வார மாத்திரை என்றால், வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்கும் ஒரு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். செவ்வாயோ வெள்ளியோ, உங்கள் வீட்டில் விளக்கேற்றும் நாள் எதுவோ, அது. நாட்காட்டியில் எட்டு வாரங்களுக்கும் அந்தக் கிழமையை வட்டமிட்டு, விழுங்கிய அன்று அந்த வட்டத்தின் மேல் கோடு போடுங்கள். மாத்திரை அட்டையை அன்றாட மருந்து டப்பாவில் வைக்காதீர்கள். வேறு இடத்தில், மேலே "வெள்ளி மட்டும்" என்று தமிழில் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரே ஏற்க வேண்டும். ஒரு வாரம் மறந்துவிட்டால் நினைவு வந்த நாளில் ஒன்று போட்டுக்கொள்ளலாம். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. எட்டு முடிந்ததும் நிறுத்தி, மருத்துவரிடம் போக வேண்டும்; காலி அட்டையோடு கடைக்குப் போகக் கூடாது.

கொழுப்பில் கரையும் சத்து என்பதால், வெறும் வயிற்றிலோ காலைக் காப்பியோடோ விழுங்காமல், எண்ணெயோ நெய்யோ பாலோ சேர்ந்த முழுச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்வது நல்லது. பொடிப் பாக்கெட்டைப் பாலில் கரைத்துக் குடிக்கலாம்.

வாராவாரம் எதற்கு, ஆண்டுக்கு ஒரே ஊசியாகப் போட்டுவிடுங்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 அலகை வாய்வழியாக ஒரே தடவையில் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள்; எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகமாக ஏற்பட்டது. எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்து எலும்பை முறித்தது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தந்த செய்தி. பெரிய அளவை ஒரே தடவையில் ஏற்றிக்கொள்ள நீங்களாகக் கேட்க வேண்டாம்.

ஐந்தாம் படி: மற்ற மருந்துகளோடு மோதாமல் பாருங்கள்

இந்த வயதில் நம்மில் பலர் தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறோம். வைட்டமின் டியோடு சேர்த்து எழுதப்படும் கால்சியம் மாத்திரை, தைராக்ஸினைக் குடல் உறிஞ்ச விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தோடு சேர்க்கக் கூடாது. காலையில் தைராய்டு, மதியச் சாப்பாட்டோடு கால்சியம், இரவில் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இராது. கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம் என்று அட்டையில் இருந்தால், அதில் உண்மையில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. ஒரே வேளையில் அதற்கு மேல் எடுத்தாலும் குடல் நன்றாக உறிஞ்சாது.

இரத்த அழுத்தத்துக்குத் தையசைடு வகை நீர் மாத்திரையோ, இதயத்துக்கு டிகாக்ஸினோ சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், பாராதைராய்டு சுரப்பியில் கோளாறு உள்ளவர்கள், காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோர், சிறிய அளவானாலும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம்.

வெயிலும் சாப்பாடும்

இளவெயிலில் நின்றால் வைட்டமின் டி கிடைக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். உடலுக்கு இதமானதுதான், ஆனால் காலை ஏழு மணி வெயிலில் இதற்கு வேண்டிய புறஊதா பி கதிர் மிகவும் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே பயன்தரும். வேலூர்ப் பகுதியில் மார்கழியில் அது ஏறத்தாழப் பத்தேகால், பத்தரை மணிக்குத் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் ஒன்பது மணியைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. ஆகவே அக்கினி நட்சத்திர நாட்களில் யாரும் உச்சிவெயிலில் போய் நின்று மயங்கி விழ வேண்டியதில்லை; ஒன்பது, ஒன்பதரைக்கு மொட்டை மாடியில் வடகம் பிழியும் நேரமே போதும். முகமும் முன்னங்கையும் திறந்திருக்க வேண்டும்; தோல் எரிவதற்கு முன் உள்ளே வந்துவிட வேண்டும். கருமையான தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை. கண்ணாடி சன்னலின் உள்ளே உட்கார்ந்தால் பயனில்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பர்தா அணியும் பெண்கள், மறைப்புள்ள முற்றத்திலோ சுவர் உயர்ந்த மாடியிலோ கையைத் திறந்து அமரலாம். அப்படி இடமில்லாத வீடுகளில், நாளுக்கு 600 அலகு மாத்திரை எடுப்பதே நேர்வழி என்பது என் எண்ணம்.

உணவிலிருந்து வைட்டமின் டி கிடைப்பது அரிது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 40 அலகு இருக்கிறது. கூட்டல் குறியோடு ஆங்கில எழுத்து "எஃப்" அச்சிட்ட செறிவூட்டிய பாலில், லிட்டருக்கு 200 முதல் 300 அலகு இருக்கும். கால்சியம் வேறு கதை. அதற்கு நம் சமையலறையே போதும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், ஒரு தம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராமும் உண்டு. ஆடி மாதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்ட கூழை ஆண்டு முழுவதும் குடித்து, அதனோடு முருங்கைக்கீரையும் மோரும், மீன் உண்பவர்கள் முள்ளோடு மெல்லக்கூடிய நெத்திலியும் சேர்த்துக்கொண்டால், பலருக்குக் கால்சியம் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் 17 விழுக்காடு கூடுதலாக வந்ததை எண்ணிப் பார்த்தால், கூழைக் குடிப்பதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

எதை எதிர்பார்க்கக் கூடாது

குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் டி தசை வலியையும் எலும்பு வலியையும் தணிக்கும். குறைபாடு இல்லாதவருக்கு அது கூடுதல் வலுவைத் தருவதில்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம், நாளுக்கு 2,000 அலகு கொடுத்து ஐந்தாண்டுக்கும் மேல் நடந்த ஆய்வில், புற்றுநோயோ மாரடைப்போ வருவது குறையவில்லை. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் குறைபாடு இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் புரிந்துகொள்ள வேண்டும். மூட்டுத் தேய்மானத்துக்கு இது மருந்தல்ல. எலும்புப்புரைக்கும் இது மட்டுமே போதிய சிகிச்சையல்ல. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் டி ஸ்கோர் (ஆங்கில எழுத்து T; வைட்டமின் டி அல்ல) மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அதற்கென்று உள்ள மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

கடைசிப் படி: மூன்று மாதம் கழித்து

குறைபாட்டுக்காக வார மாத்திரை சாப்பிட்டவர்கள், தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் சொன்னால் மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகு நாளுக்கு ஒரு சிறிய அளவோ மாதத்துக்கு ஒரு 60,000ஓ என்று அவர் மாற்றி எழுதுவார். இடையில் குமட்டல், பசியின்மை, மலச்சிக்கல், வழக்கத்துக்கு மாறான தாகம், அடிக்கடி சிறுநீர், குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், அன்றே மாத்திரையை நிறுத்தி, அட்டையோடு மருத்துவமனைக்குப் போய்க் கால்சியம் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் இவற்றை "சூடு" என்று நினைத்து மோர் குடித்துக் காத்திருக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நாங்களும் நான்கு நாட்கள் அப்படித்தான் காத்திருந்தோம்.

மருத்துவரிடம் போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சித்த மருந்தும் சத்து மாவு டப்பாவும் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சத்து மாவிலும் பல மாத்திரைகளிலும் வைட்டமின் டி சேர்ந்திருக்கும். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அலகுகளைக் கூட்டிச் சொல்லும்படி மருத்துவரைக் கேளுங்கள்.